சோபா கழுவும் தொழிலுக்கு முதலில் எந்தக் கருவி?

காங்கயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று வருடமாகக் கார் வாஷ் கடையில் வேலை. சொந்தமாக ஒரு பிரஷர் வாஷரும் ஒரு ஸ்டீம் மிஷினும் இருக்கின்றன. இனி வீடு வீடாகப் போய் சோபா, மெத்தை, டைனிங் நாற்காலி சுத்தம் செய்யும் வேலையில் இறங்கப் போகிறார். ஒன்றரை லட்சம் ரூபாய் வரை போட முடியும். எந்த மிஷின் வாங்குவது, எத்தனை பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) வேண்டும், துணிமேல் வைத்து இழுக்கும் கை டூல் எந்த சைஸ், இருக்கிற ஸ்டீம் மிஷினே போதாதா என்பது அவர் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அடுத்தவர் வீட்டில், அவர்கள் ஆசையாகச் செய்து போட்ட சாமானில் கை வைக்கப் போகிறேன், அது என் கையில் கெடாமல் இருக்க இந்தப் பணத்தை எதில் போடுவது? அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஜவுளிப் பதனிடுதலில் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கோவைக்கு வந்து, ஒரு பழைய மிஷினை வைத்து இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். அன்றிலிருந்து இதுதான் வேலை. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு வீடுகளும் கல்யாண மண்டபங்களும்தான் என் அனுபவம். தோல் சோபாவுக்குச் சாயம் ஏற்றுவது, பழைய பட்டுத் துணி நாற்காலி போன்றவற்றை நான் எடுப்பதில்லை. அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதும் இல்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். பணத்தில் பெரும்பங்கு தண்ணீரைத் துணியிலிருந்து வெளியே எடுக்கும் கருவிக்குப் போக வேண்டும். அடுத்த பங்கு, தண்ணீர் படுவதற்கு முன்பே துணியைப் பற்றிச் சொல்லும் சின்னச் சின்னச் சாமான்களுக்கு. பிரஷரும் சூடும் அதற்கப்புறம்தான். கார் வாஷிலிருந்து வருகிறவருக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஏனென்றால் அங்கே பிரஷர்தான் எல்லாம். கார் தகடு தண்ணீரைக் குடிக்காது. சோபாவோ துணிக்கு அடியில் பஞ்சு, ஃபோம், தென்னை நார், பலகை என்று அடுக்கடுக்காக வைத்துக்கொண்டு குடிப்பதற்குத் தயாராக இருக்கிறது.

உங்கள் பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் தள்ளும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, ஆக 1,450 பிஎஸ்ஐக்கு மேல். சோபாத் துணிக்கு 60 முதல் 100 பிஎஸ்ஐ போதும். தடித்த பாலியஸ்டர் துணிக்கு 120 வரை போகலாம். அதனால் பிரஷர் வாஷரை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மிஷின் வாங்கும்போது "இது 200 பிஎஸ்ஐ, அது 400 பிஎஸ்ஐ" என்று காட்டுவார்கள். அதெல்லாம் தரை விரிப்புக்கு. உங்களுக்கு வேண்டியது பிரஷரைக் குறைக்கும் திருகு ஒன்று, அதன் பக்கத்தில் அளவு காட்டும் மீட்டர் ஒன்று. குறைக்க முடியாத மிஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் எடுக்காதீர்கள்.

ஸ்டீம் மிஷினைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் "ஸ்டீம் வாஷ்" என்று சொல்லிச் செய்யும் வேலையில் பாதி ஸ்டீமே கிடையாது. சுடுதண்ணீரைத் தெளித்து உடனே உறிஞ்சும் வேலைதான் அது. ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்ஷன் மிஷின் என்று கேட்டு வாங்க வேண்டியதும் அதைத்தான். உண்மையான ஸ்டீம் அழுக்கை இளக்கும், எடுக்காது. இளகிய அழுக்கு துணிக்குள்ளேயே இறங்கி உட்காரும். பால், ரத்தம், முட்டை மாதிரிக் கறைகள் அந்தச் சூட்டில் இறுகிவிடும். வெல்வெட்டின் முடி படுத்துவிடும். பின்பக்கம் பசை வைத்து ஒட்டிய துணியில் பசை விட்டு, மேல்துணி குமிழ் குமிழாக எழும். இதெல்லாம் நிச்சயமாக நடப்பவை. ஸ்டீம் அடித்தால் மெத்தைக்குள் இருக்கும் தூசிப் பூச்சி எல்லாம் செத்துவிடும் என்பது மட்டும் எனக்குச் சந்தேகம். மேல்பரப்பில் சூடு பட்ட இடத்தில் சாகலாம், நான்கு அங்குல ஆழத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. அதனால் அதை விளம்பரத்தில் போடாதீர்கள். ஸ்டீம் மிஷின் கார் வேலைக்கே இருக்கட்டும்.

இனி எக்ஸ்ட்ராக்ஷன் மிஷின். உறிஞ்சும் மோட்டாருக்கு இரண்டு கணக்கு உண்டு. தண்ணீரை எத்தனை அங்குலம் உயரத்துக்குத் தூக்கும் என்பது ஒன்று. இதை வாட்டர் லிஃப்ட் என்பார்கள். நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கும் என்பது இன்னொன்று, அதை சிஎஃப்எம் என்று போட்டிருப்பார்கள். தரை விரிப்பில் அகலமான வாய் வைத்து இழுப்பதால் காற்றின் அளவு முக்கியம். சோபாவில் நாலு அங்குல வாய்தான். அந்தச் சின்ன வாயைத் துணி முழுக்க அடைத்துக்கொள்ளும்போது தூக்கும் சக்திதான் தண்ணீரைப் பிழிந்து எடுக்கிறது. ஒரே மோட்டார் என்றால் 100 அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். இரண்டு மோட்டாரை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த மிஷினில் தூக்கும் சக்தி கூடும். பக்கம் பக்கமாக இணைத்தால் காற்றின் அளவுதான் கூடும். கடைக்காரர் இரட்டை மோட்டார் என்று சொன்னால் எப்படி இணைத்திருக்கிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

மோட்டார் பைபாஸ் வகையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதாவது மோட்டாரைக் குளிர வைக்கும் காற்று தனியாகவும், உறிஞ்சி வரும் ஈரக்காற்று தனியாகவும் போக வேண்டும். இரண்டும் ஒரே வழியில் போகும் மோட்டார் காய்ந்த தூசிக்குச் சரி. ஈரத்துக்கு வைத்தால் ஒருநாள் நுரை ஏறி எரியும். இந்த மோட்டார்களில் கார்பன் பிரஷ் தேயும், அது சாதாரண விஷயம். கோவையில் பம்பும் கிரைண்டரும் செய்து பழகிய கைகள் நிறைய இருப்பதால் கணபதி பக்கம் போனால் பிரஷ் மாற்றித் தர ஆள் கிடைக்கும். ஆனால் எரிந்துபோன மோட்டாருக்கு அதே அளவு மாற்று மோட்டார் இங்கே கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். நான் முதலில் வாங்கிய மிஷினுக்கு மோட்டார் வர ஒன்றரை மாதம் ஆனது. கார்த்திகை மாதம், தை நோன்புக்கு முன்னால் வீடு சுத்தம் செய்யும் நேரம், மொத்த வேலையும் போயிற்று.

கரண்ட் கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். ஏசி, வாஷிங் மெஷினுக்கு இருக்கும் பெரிய பிளக் 16 ஆம்பியர், 3,680 வாட். மிஷினில் 1,200 வாட் மோட்டார் இரண்டும் 1,500 வாட் ஹீட்டரும் இருந்தால் 3,900 ஆகிவிடும், ஒரே பிளக்கில் ஓடாது. அதனால் ஹீட்டருக்குத் தனி வயர் உள்ள மிஷினாகப் பாருங்கள், அல்லது ஹீட்டர் இல்லாததை எடுத்து வீட்டிலேயே வெந்நீர் வாங்கி ஊற்றிக்கொள்ளுங்கள். கோடையில் சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கும் தோட்டத்து வீடுகளில் ஹீட்டர் மூன்றில் இரண்டு பங்குதான் வேலை செய்யும், மோட்டாரின் வேகமும் குறையும். அந்த மாதிரி வீடுகளுக்குக் காலையில் போங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருக்கட்டும். அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவில் அறுத்துவிடும் ஆர்சிசிபி ஒன்றைப் பெட்டியில் மாட்டிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு கரண்ட் சாமானைப் பிடித்து வேலை செய்கிறோம். பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்பதே தெரியாது. இதை மட்டும் அப்புறம் வாங்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கை டூலுக்கு வருகிறேன். மிஷினுக்கு ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள் இதை மிஷினோடு இலவசமாக வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். துணியைத் தொடுவது இது ஒன்றுதான். நாலு அங்குல வாய் முக்கால்வாசி வேலைக்குப் போதும். கைப்பிடி வளைவு, பொத்தான் தைத்த முதுகு, நாற்காலி விளிம்பு போன்றவற்றுக்கு மூன்று அங்குலம் இரண்டாவதாக வாங்கலாம். ஆறு அங்குலம் வேகமாகத் தெரியும், ஆனால் அதே இழுவை அகலமாகப் பரவுவதால் ஒவ்வொரு அங்குலத்திலும் ஈரம் கூடுதலாகத் தங்கும். மேலே தண்ணீர் ஓடுவது தெரிகிற மாதிரிக் கண்ணாடி மூடி இருப்பது அவசியம். அழுக்குத் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்த வேண்டிய நேரம் நமக்குத் தெரியும், வீட்டுக்காரருக்கும் கண்ணால் பார்த்த திருப்தி.

தண்ணீர் தெளிக்கும் ஜெட் டூலுக்கு வெளியே இருக்கும் வகையும் உண்டு, உள்ளே மூடிய அறைக்குள் தெளிக்கும் வகையும் உண்டு. வெளியே தெளிப்பது ஆழமாகப் போகும், கார் சீட்டுக்கும் தடித்த துணிக்கும் நல்லது. உள்ளே தெளிப்பது துணியின் மேல்பரப்பைத் தொட்டவுடன் இழுத்துக்கொள்ளும், பருத்திக்கும் சாயம் விடக்கூடிய துணிக்கும் அதுதான் பாதுகாப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உள்ளே தெளிப்பதை வாங்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஜெட்டின் மேல் 8001, 80015 என்று எண் பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் தெளிப்பின் கோணம், 80 டிகிரி. மீதி, 40 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு எத்தனை கேலன் என்பது. 8001 என்றால் 0.1 கேலன், அதாவது 380 மில்லி. 100 பிஎஸ்ஐக்கு ஏற்றினால் 600 மில்லி ஆகும். பிரஷரை இரண்டு மடங்காக்கினாலும் தண்ணீர் ஒன்றரை மடங்குக்குள்தான் கூடும், ஆனால் பெரிய ஜெட் மாட்டினால் நேராகக் கூடிவிடும். அதனால் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது ஜெட் எண்தான். சின்ன ஜெட்டில் இன்னொரு லாபமும் உண்டு. நிமிடத்துக்கு 600 மில்லி ஓடும்போது 1,500 வாட் ஹீட்டர் கணக்குப்படி, உள்ளே வரும் தண்ணீரின் சூட்டுக்கு மேல் இன்னும் 35 டிகிரி வரை ஏற்றிவிடும். ஜெட் பெரிதானால் அதே ஹீட்டர் வெதுவெதுப்பைத்தான் தரும்.

டூலைக் கடையிலேயே இரண்டு விதமாகச் சோதியுங்கள். பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்றை வாயின் உதட்டில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது, அது வீட்டில் நூலை இழுக்கும். அப்புறம் மிஷினை ஓடவிட்டு, விசையை அழுத்தாமல், டூலை ஒரு காய்ந்த செய்தித்தாளின் மேல் ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த வால்வு வேண்டாம். வெளிர்நிறத் துணியில் அந்தச் சொட்டு காய்ந்து வளையமாக நிற்கும்.

எந்த மிஷின், எந்த டூல் என்று முடிவெடுக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி எடை போடுவதுதான். வீட்டிலிருந்து ஒரு சோபா மெத்தையைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஒரு தொங்கு தராசும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எடை போடுங்கள். அவர்கள் மிஷினால் ஒரு பக்கத்தைக் கழுவுங்கள், தண்ணீர் தெளித்தபடி ஒரு ஈர இழுப்பு, தெளிக்காமல் மூன்று காய்ந்த இழுப்பு என்ற கணக்கில். திரும்ப எடை போடுங்கள். கூடிய எடைதான் உள்ளே தங்கிய தண்ணீர். இதே மெத்தையை நன்றாகக் காயவைத்து அடுத்த கடையில் அடுத்த மிஷினில் செய்யுங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் எந்த எண்ணும் இதற்கு ஈடாகாது. வேலை ஆரம்பித்த பிறகும் இதைத் தொடரலாம். சுத்தத் தண்ணீர்த் தொட்டியில் 10 லிட்டர் ஊற்றினால் அழுக்குத் தொட்டியில் எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். என் சொந்த அளவுகோல், 8 லிட்டருக்குக் குறைந்தால் அன்றைக்கு ஏதோ சரியில்லை. பெரும்பாலும் மூடியின் ரப்பர் வளையம்தான் காற்றுவிடும், இல்லையென்றால் வடிகட்டியில் பஞ்சு அடைத்திருக்கும். குழாயை மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள், நீள நீள இழுவை குறையும்.

பஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் சோபா இடுக்கு முழுக்கப் பஞ்சுத் தூசி இருக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் களியாகிவிடும், எந்த மிஷினும் எடுக்காது. அதனால் ஈரம் தொடும் முன் காய்ந்த வாக்குவம் கட்டாயம். அதற்கு எக்ஸ்ட்ராக்ஷன் மிஷினைப் பயன்படுத்தாமல் தனி வாக்குவம் ஒன்று வையுங்கள். இடுக்கில் போகும் ஒடுங்கிய வாயும், மெல்லிய முடி பிரஷும் சேர்ந்து வரட்டும். முக்கால் மணி நேர வேலையில் இருபது நிமிடம் இதற்கே போகும், போகட்டும். தேய்ப்பதற்குக் குதிரைமுடி பிரஷ் ஒன்று, மென்மையான நைலான் பிரஷ் ஒன்று போதும். டிரில்லில் மாட்டிச் சுற்றும் பிரஷை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கார் தரைவிரிப்பில் அது சரி, சோபாத் துணியில் நூலைப் பிசிறாக்கிவிடும். துடைக்கும் துணிக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் வாங்குங்கள், வெள்ளையை மட்டும். கலர் துண்டு ஒன்று ஈரத்தில் கலந்தால் அதன் சாயம் சோபாவில் ஏறும்.

இப்போது துணியைப் பற்றிச் சொல்லும் சாமான்கள். எல்லாம் சேர்த்தாலும் விலை சொற்பம், ஆனால் தொழிலைக் காப்பாற்றுவது இவைதான். என்னுடைய முதல் வருடத்தில் பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் வெள்ளைப் பருத்தித் துணி போட்ட பழைய சோபா. நன்றாகக் கழுவினேன், பளிச்சென்று வந்தது, அந்த அம்மாவும் சந்தோஷப்பட்டார். மறுநாள் காலையில் போன். "தம்பி, நேத்து பால் மாதிரி இருந்துச்சுங்க, இன்னைக்குக் காப்பித்தண்ணி ஊத்தின மாதிரி இருக்குது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் மெத்தை முழுக்கப் பழுப்பு. உள்ளே தென்னை நார். நான் விட்ட தண்ணீர் நார் வரைக்கும் போய், அதிலிருந்த பழுப்பை ஊறவைத்து, காயக் காய மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டது. நான் போட்ட சோப்பு காரம் அதிகமானது, அது இன்னும் மோசமாக்கியது. எலுமிச்சை உப்பை லேசாகக் கரைத்துத் தெளித்து, துண்டு வைத்து ஒற்றி ஒற்றி, ஃபேன் போட்டு, இரண்டு நாளில் முக்கால்வாசி சரியானது. மீதிக்குப் புதுத் துணி என் செலவில் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு மெத்தையின் ஜிப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருந்தால் போதும்.

அதனால் ஒரு டார்ச், ஒரு சின்னக் கத்தரி, ஒரு லைட்டர், காரமா புளிப்பா என்று காட்டும் பிஎச் தாள், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், வெள்ளைத் துணி. ஜிப்பின் உள்தையலிலிருந்து ஒரு நூலை எடுத்து, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசமும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் நூல்). உருகிக் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர். முடி கருகும் நாற்றம் என்றால் கம்பளி அல்லது பட்டு. பருத்தியையும் விஸ்கோஸையும் பிரிக்க, இன்னொரு நூலை நனைத்து இழுங்கள். பருத்தி ஈரத்தில் பலம் கூடும், விஸ்கோஸ் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்து பட்டென்று அறும். விஸ்கோஸ் வெல்வெட் என்று தெரிந்தால் நான் தண்ணீர் வேலையே எடுப்பதில்லை, காய்ந்த வாக்குவத்தோடு சரி. கலப்பு நூலில் இந்தச் சோதனை குழப்பும், அங்கே நிச்சயமாகச் சொல்ல முடியாது. விலை கூடிய சோபாவாக இருந்தால் கோவை அவிநாசி சாலையில் 1956 முதல் இருக்கும் சிட்ரா போன்ற ஜவுளிச் சோதனைக் கூடத்தில் துணித் துண்டைக் கொடுத்துக் கேட்கலாம். வெளிநாட்டு சோபாக்களில் அடியில் ஒரு சீட்டு தைத்திருக்கும். டபிள்யூ என்றால் தண்ணீர் சரி, எஸ் என்றால் கரைப்பான் மட்டும், டபிள்யூஎஸ் என்றால் இரண்டும், எக்ஸ் என்றால் வாக்குவம் மட்டும். நம் ஊர் ஆசாரி செய்த சோபாவில் அந்தச் சீட்டை எதிர்பார்க்காதீர்கள். ஜிப் இருக்கிறதே, கழற்றித் துவைத்துவிடுங்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஜிப் துணியை மாட்டுவதற்காக வைத்தது. துவைத்தால் பருத்தி சுருங்கி மறுபடி மெத்தை உள்ளே போகாது.

சாயச் சோதனைக்கு, கண்ணில் படாத மூலையில் நீங்கள் போடப்போகும் அதே சோப்புத் தண்ணீரை அதே சூட்டில் விட்டு, வெள்ளைத் துணியை இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். வெறும் தண்ணீரில் விடாத சாயம் காரத்தில் விடும், இதை சாயப்பட்டறையில் தினமும் பார்த்தவன் நான். பிஎச் தாள் அதற்குத்தான். மஞ்சள் கறைக்கும் அதே தாள் வேண்டும். ஈரோட்டுப் பக்க மண்டபங்களில் நலங்கு முடிந்த சோபாவில் மஞ்சள் இல்லாமல் இருக்காது. அதன்மேல் காரச் சோப்பு பட்டால் குங்குமம் மாதிரிச் சிவந்துவிடும். பதறி இன்னும் தேய்க்காதீர்கள். லேசான புளிப்புத் தண்ணீரில் மறுபடி மஞ்சளாகும். மிச்சத்தை வெயில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும், மஞ்சள் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது.

தண்ணீரையும் அளக்க வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் சோப்பு அழகாக வேலை செய்யும். உங்கள் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் போர்த் தண்ணீரில் என் டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்துக்கு மேல் காட்டிய வீடுகள் உண்டு. அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணியில் வெள்ளைப் பொடி நிற்கும், ஜெட்டும் ஹீட்டரும் உப்பு படிந்து அடைக்கும். இரண்டு இருபது லிட்டர் கேன் நல்ல தண்ணீரை வண்டியிலேயே கொண்டு போங்கள், குறைந்தது கடைசி அலசலுக்காவது. மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்புக் கரைசலை மிஷினுக்குள் ஓட்டி உப்பைக் கரைத்துவிடுங்கள்.

சூடு எங்கே வேண்டும் என்றால், தலை சாயும் இடத்துக்கு. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை வருடக்கணக்கில் சாய்ந்த இடம் கறுத்துப் பளபளக்கும். பாலியஸ்டர் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் நூல், வெறும் தண்ணீருக்கு விடாது. அங்கே எண்ணெய் எடுக்கும் மருந்தைத் தெளித்து ஐந்து, பத்து நிமிடம் விட்டு, பிரஷால் மெதுவாகப் பரப்பி, 50, 60 டிகிரி தண்ணீரில் எடுக்க வேண்டும். மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்தே இருக்கும், சூடு இல்லாமல் நகராது. மற்றபடி பருத்திக்கும் அச்சுத் துணிக்கும் வெதுவெதுப்பே போதும்.

கடைசியாக ப்ளோயர். தரையில் வைக்கும் வகையில் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நல்லது. காற்று துணிமேல் குத்தாமல் உரசிப் போகிற மாதிரி வையுங்கள், மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வேகத்துக்கு ஜன்னலைத் திறந்தாலே மூன்று, நான்கு மணி நேரத்தில் காயும், ஆனால் மண் தூசியும் சேர்ந்து வரும், பார்த்துத் திறங்கள். ஐப்பசி மழையில் அதே சோபா மறுநாள் வரை ஈரமாக இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை வாடை பிடிக்கும். அந்த மாதத்தில் நான் ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் எடுப்பேன், ப்ளோயரை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் எடுத்து வருவேன். இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் எந்த மாதத்திலும் நனைக்காதீர்கள். வெயிலில் போட்டுத் தட்டி வாக்குவம் பிடிப்பதுதான் அதற்கு வைத்தியம்.

துணிமேல் தெளிக்கும் பாதுகாப்புப் பூச்சு, ஓசோன் கருவி இரண்டையும் சேர்த்து விற்கச் சொல்லி உங்களிடம் வருவார்கள். பூச்சு சில துணிகளில் பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன், எண்ணெய்த் தலைக்கு எத்தனை நாள் நிற்கும் என்று உறுதி கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஓசோனை நான் தொட்டதில்லை. ஒன்றரை லட்சத்தில் இவற்றுக்கு இடம் வைக்க வேண்டாம். பாதிக்குக் கொஞ்சம் மேல் மிஷினுக்கு, அடுத்த பெரிய செலவு நல்ல கை டூல் ஒன்றுக்கும் ப்ளோயருக்கும், பிறகு தனி வாக்குவம், ஆர்சிசிபி, வயர், சோதனைச் சாமான்கள். முடிந்தால் ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி வையுங்கள், என் பொள்ளாச்சி சோபா மாதிரி ஒன்று உங்களுக்கும் வரும். படிக்க விருப்பம் இருந்தால் ஐஐசிஆர்சி என்ற அமைப்பு சோபாத் துணி சுத்தத்துக்கென்று எஸ்300 என்ற தரமுறையை வெளியிட்டிருக்கிறது. அதில் துணி அறியும் பகுதியை மட்டுமாவது யாரிடமாவது கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

கோவையில் மிஷின் பார்க்க வரும்போது மெத்தையையும் தராசையும் மறக்காதீர்கள். முன்னும் பின்னும் எடை எவ்வளவு வந்தது, எந்த ஜெட், எத்தனை இழுப்பு என்று எழுதுங்கள். அந்த எண்களைப் பார்த்துவிட்டு எதை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.